கதவு மூடியிருக்கிறது

நாகஜோதியின் கடைக்கும் என் உரக்கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். நான் இந்தப் பக்கம் யாரையாவது திட்டினால் அவள் அந்தப் பக்கம் சிரிப்பாள். ரெட்டியார்சத்திரம் பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம். அவளுடையது கம்ப்யூட்டர் கடை. பட்டா நகல், ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் என்று காலையிலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும். வாயில் முறுக்கும் கீபோர்டில் விரலுமாகத்தான் அவளை எப்போதும் பார்க்கலாம். கீபோர்டு இடுக்கில் விழுந்த முறுக்குத் தூளுக்கே ஒரு எறும்புக் குடும்பம் அங்கே குடியிருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள். அம்மா இறந்தபோது தம்பி பழனிக்குமார் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். தம்பியைப் படிக்க வைக்கப் பார்த்தாள். அவனுக்கு மண்தான் பிடித்திருந்தது. சரி என்று தோட்டத்தை அவன் கையில் கொடுத்து, தமிழ்மதியைப் பார்த்துக் கல்யாணமும் செய்துவைத்தாள். தன் கல்யாணத்தைப் பற்றி யார் பேசினாலும் “பாப்போம்ணே” என்பாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். எனக்குக் கோபம் வரும். இந்தப் பெரியகருப்பனுக்குக் கோபம் வருவது இந்த ஊரில் செய்தியா என்ன?

தம்பிக்காகத்தான் அவள் அந்த ஆப்பைச் செய்தாள். எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டார் ஓட மும்முனை கரண்ட் வேண்டும். அது வருகிற நேரமும் போகிற நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். பழனிக்குமார் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய், கரண்ட் இல்லாமல் திரும்பி, மறுபடி போய், செருப்புத் தேய நடப்பான். அவள் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் போல மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒரு நாள் என் போனை வாங்கி எதையோ ஏற்றினாள். திரையில் ஒரு வட்டம். பச்சை என்றால் கரண்ட் இருக்கிறது. சிவப்பு என்றால் இல்லை. அவ்வளவுதான்.

“இது எப்படித்தா உனக்குத் தெரியுது? ஆபீசுல ஆள் வச்சிருக்கியா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்லண்ணே. ஒரு வீடு சொல்லுது.”

நிஜமாகவே ஒரு வீடுதான். இணையத்தில் எதையோ தேடப்போய் ஒரு பக்கம் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. கறுப்புத் திரை, மேலே ‘வீடு’ என்று ஒரு தலைப்பு, அதன் கீழே மூன்று வரிகள்: மோட்டார் லைனில் கரண்ட் இருக்கிறது, விளக்கு அணைந்திருக்கிறது, கதவு மூடியிருக்கிறது. அடியில் ஒரு மெயில் முகவரி. யார் வீடு, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. யாரோ தன் தோட்டத்து வீட்டில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, அது சொல்வதைப் பூட்டாமல் திறந்து போட்டிருந்தார்கள். மோட்டார் லைனில் கரண்ட் இருக்கும்வரை பெட்டி பேசும். போனால் ஊமையாகிவிடும். பல நாள் பார்த்துவிட்டு அவள் கண்டுபிடித்தது இது: தம்பி தோட்டத்தில் கரண்ட் போகிற அதே நொடியில் அந்த வீடும் ஊமையாகிறது. எங்கள் லைனில் இருக்கிற வீடு.

பெட்டி பேசினால் பச்சை, பேசாவிட்டால் சிவப்பு என்று அவள் எழுதிக்கொண்டாள். அந்த முகவரிக்கு மெயில் போட்டாள், உங்கள் தகவலை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று. பதில் இல்லை. இன்னொன்று போட்டாள். அதற்கும் இல்லை.

“யாருன்னே தெரியாதவுக வீட்டுல போயி அடுப்ப மூட்டிக்கிட்டு இருக்க. நாளைக்கு அவுக கதவச் சாத்திட்டா உன் உலை என்ன ஆகும்?” என்றேன்.

“வேண்டாம்னு சொல்லலியேண்ணே,” என்றாள்.

ஆப் பரவிவிட்டது. என் கடைக்கு உரம் வாங்க வருகிறவன் எல்லாம் போனை நீட்டி, “அந்தக் கரண்டு வட்டத்த ஏத்திக் குடுக்கச் சொல்லுங்க” என்றான். கன்னிவாடிப் பக்கத்திலிருந்துகூட வந்தார்கள். அவள் காசு வாங்கவில்லை. சில நாள் அந்த வீட்டில் நெட் கிடைக்காமல் பெட்டி ஊமையாகி, கரண்ட் இருக்கும்போதே வட்டம் சிவப்பானது உண்டு. அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பச்சை பொய் சொன்னால் வீண் நடை, வந்து திட்டுவார்கள். சிவப்பு பொய் சொன்னால் கொஞ்ச நேரம் கூடப் படுத்திருப்பார்கள், அவ்வளவுதான். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். டிரான்ஸ்பார்மரில் பீஸ் கம்பி எரிந்து போனால் லைன்மேனைக் கூப்பிட வேண்டும். அவர் ஒரு ஆள், ஊரெல்லாம் டிரான்ஸ்பார்மர். நாற்று வாடும்போது நம் ஆட்களுக்குப் பொறுமை இருக்காது. லைனில் கரண்ட் போகிற நேரம் பார்த்துத் தாங்களே ஏறிக் கம்பி கட்டிவிட்டு இறங்குவார்கள். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வார்கள். ஆனால் பீஸ் போன டிரான்ஸ்பார்மருக்குக் கீழே எந்த பல்பும் எரியாது. மேலே லைன் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று அங்கே நிற்கிறவனுக்குத் தெரிய வழியில்லை. அதனால் அடுத்த டிரான்ஸ்பார்மர் தோட்டக்காரனுக்குக் குரல் கொடுப்பார்கள். “ஏலே அப்பு, அங்கிட்டு கரண்ட் இருக்கா?” அவன் தன் மோட்டாரைப் போட்டுப் பார்த்துவிட்டு, “போயிருச்சுண்ணே, ஏறிக்கங்க!” என்பான். அந்தக் குரல் வராமல் யாரும் கம்பத்தில் கால் வைக்க மாட்டார்கள்.

ஆப் வந்த பிறகு அந்தக் குரல் நின்றுபோயிற்று. போனைப் பார்ப்பார்கள், சிவப்பாக இருந்தால் ஏறுவார்கள். இது நாகஜோதிக்குத் தெரியவந்த அன்றே, வட்டத்துக்குக் கீழே, ‘இதை நம்பிக் கம்பத்தில் ஏறாதீர்கள்’ என்று எழுதிப் போட்டாள். தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சத்தியம் கேட்டாள். “அக்கா செஞ்சத அக்காவே நம்ப மாட்டேங்குது,” என்று அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சத்தியம் மட்டும் செய்யவில்லை.

ஒரு மழை நாளில் கடையில் ஆள் இல்லை. சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள்.

“அண்ணே, செத்த நேரம் வாங்க. இதப் பாருங்க.”

அந்த வீடு சொன்னதையெல்லாம் அவள் முதல் நாளிலிருந்து சேமித்து வைத்திருந்தாள். கரண்ட் வரியை மட்டும்தான் அதுவரை பார்த்து வந்திருக்கிறாள். அன்றைக்கு வேறு வேலை இல்லாமல் மற்ற இரண்டு வரிகளையும் புரட்டியிருக்கிறாள். கதவு மூடியிருக்கிறது. கதவு மூடியிருக்கிறது. அவள் விரல் உருட்டிக்கொண்டே போனது. மழைக்காலம், பொங்கல், கோடை, மறுபடி மழைக்காலம். அந்தக் கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

“பூட்டிக் கெடக்குற வீடு போல,” என்றேன்.

“அப்ப லைட்ட யாரு போடுறா?”

விளக்கு வரியைக் காட்டினாள். தினமும் சாயங்காலம் விளக்கு எரிந்திருக்கிறது, பிறகு அணைந்திருக்கிறது.

“தானா எரியுற மாதிரி வச்சிருப்பாக.”

“தானா எரிஞ்சா தெனம் ஒரே நேரத்துக்கு எரியணும்ணே. இது ஒரு நாள் முந்தி எரியுது, ஒரு நாள் பிந்தி எரியுது. யாரோ கையால போடுறாக. ஆனா வெளிய வரவே இல்ல.”

பின்வாசல் இருக்கும் என்றேன். சிரித்தோம். ஆனால் என் கையில் ரோமம் நின்றதை அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் கடை வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது, “உன் ஆளு வெளக்கு போட்டாச்சா?” என்று கேட்பேன். “இன்னும் இல்லண்ணே,” என்பாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “போட்டாச்சு” என்று குரல் வரும். ஒரு நாள் வெகுநேரம் விளக்கு எரியவில்லை. கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியவள் போகாமல் திரையைப் பார்த்தபடியே நின்றாள். கடைசியில் எரிந்தபோது, “அம்மாடி” என்று வாய்விட்டுச் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

“நம்ம லைன்லதான இருக்கு, வண்டிய எடுக்கறேன், தேடிப் பாத்துருவோம்,” என்று ஒரு தடவை சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். “பயமா இருக்குண்ணே.”

“பேயின்னா?”

“பேயின்னா பரவால்ல. ஆளா இருந்து, யாரக் கேட்டு எடுத்தன்னு பெட்டியப் புடுங்கிப் போட்டுட்டா? அம்புட்டுப் பேரும் இதத்தான் பாத்துக்கிட்டு இருக்காக.”

அந்த நாள் பங்குனியில் வந்தது. நல்ல வெயில். பழனிக்குமார் போன் செய்தான். அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள் என்பதால் எனக்கும் கேட்டது.

“அக்கா, டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போயிருச்சு. நேத்து நட்ட தக்காளி நாத்து, தல தொங்குது.”

“லைன்மேனக் கூப்பிட்டியா?”

“சாயங்காலம்தான் வருவாராம். வட்டம் செவக்கட்டும், நானே பாத்துக்கறேன்.”

“டேய், ஏறாத. அப்படியே ஏறுனாலும் பக்கத்துத் தோட்டத்துல கேட்டுட்டு ஏறு. கேக்குதா?”

“கேக்குது, கேக்குது. வையி.”

அவள் ஒரு பெரியவருக்குப் பென்ஷன் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் யூரியா மூட்டையை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் கத்தினாள். “அண்ணே! கதவு!”

ஓடினேன். கறுப்புத் திரையில் அந்த மூன்றாவது வரி மாறியிருந்தது. கதவு திறந்திருக்கிறது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். நடு மத்தியானம், வாசலில் பஸ் போகிறது, பெரியவர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டேன். இத்தனை காலம் உள்ளேயே இருந்தது என்னவோ, அது வெளியே வந்துவிட்டது போல இருந்தது. நாகஜோதி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இருவரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு திரை நின்றது. வீடு ஊமையாகிவிட்டது. பக்கத்தில் இருந்த அவள் போனில் வட்டம் சிவந்தது.

“ஐயோ, உள்ள என்னமோ ஆயிருச்சுண்ணே,” என்றாள். நானும் அதைத்தான் நினைத்தேன். யாரோ செத்துக் கிடந்ததை யாரோ கதவை உடைத்துப் பார்த்துவிட்டார்கள், இப்படியெல்லாம் பேசினோம். நாங்கள் அந்த வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடைத்தெருவுக்கு வேறு லைன். அது எதையும் சொல்லாது. அவள்தான் திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

“அண்ணே, கரண்ட் போகல. கதவத் தெறந்தவுக பெட்டியப் புடுங்கிட்டாக. லைன்ல கரண்ட் இருக்கு.”

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். நான் வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் போட்டபடியே வந்தாள். “எடுறா, எடுறா சாமி,” என்று என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தாள்.

வரப்பில் அவன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்திருந்தான். அதன் மேல் போன் இருந்தது. நாங்கள் போனபோதும் அது அடித்துக்கொண்டிருந்தது, அடித்தது அவள்தான். டிரான்ஸ்பார்மருக்குக் கீழே பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நின்றார்கள். அவன் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் அவன் கேட்கவுமில்லை. பழனிக்குமார் போய்விட்டான். தமிழ்மதி சோற்றுத் தூக்குச் சட்டியோடு எதிர் வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அவளை நிறுத்த எங்களில் ஒருவரும் நகரவில்லை.

காரியம் முடிந்த பிறகுதான் நாகஜோதி, எங்கள் லைன் போகிற வழியெல்லாம் விசாரித்து, அந்த வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். நானும் போனேன். எனக்கு ஆத்திரம். யாரையாவது நாலு கேள்வி கேட்காவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. கன்னிவாடி போகிற பாதையில், தென்னந்தோப்புக்குள், சுண்ணாம்பு உதிர்ந்த சின்ன வீடு. வீட்டைப் புதிதாக விலைக்கு வாங்கியவரின் ஆட்கள் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். “பழைய சாமான்லாம் எடுத்துப் போட்டாச்சுங்க. சுவத்துல ஒரு பெட்டி மினுக்கு மினுக்குன்னுச்சு, அதையும் கழட்டிட்டோம்,” என்றார் ஒருவர். அவர்களை என்ன கேட்பது? பழைய வீட்டுக்காரர் ராயப்பராஜ் என்று சொல்லி, வெளிநாட்டில் இருக்கும் அவர் மகளின் எண்ணைக் கொடுத்தார்கள்.

அங்கேயே தென்னை நிழலில் நின்று போன் செய்தாள்.

“எங்க அப்பா வீடுங்க அது,” என்றது அந்தக் குரல். “தனியா இருந்தாரு. காலைல கதவத் தெறந்தா எனக்குத் தெரியும், நல்லாருக்காருன்னு நிம்மதியா வேலைக்குப் போவேன். அதுக்குத்தான் நானே அந்தப் பெட்டிய செஞ்சு மாட்டுனேன். அப்பா போய் ரெண்டு வருசம் ஆச்சு. நிறுத்த மனசு வரல. சாயங்காலம் ஆனா இங்க இருந்தே வெளக்கப் போடுவேன். தூங்குற நேரத்துக்கு அணைப்பேன். அவ்ளோதான். நீங்க யாருங்க?”

“நான் அந்த முகவரிக்கு மெயில் போட்டேன்க்கா.”

“அது அப்பாவோடது.”

நாகஜோதி எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

“நீங்களும் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?” என்றாள் அந்தப் பெண். “நான் மட்டும்தான் பாக்குறேன்னு நெனச்சேன்.” பிறகு அழுதாள். “விக்குறதுக்கு முன்னாடியே அணைச்சிருக்கணுமோ? நான்தான் தப்புப் பண்ணிட்டேனா?”

“இல்லக்கா. நீங்க உங்க அப்பாவப் பாத்தீங்க. நான்தான் கேக்காம கொள்ளாம எங்க ஊரையே கொண்டாந்து உங்க வீட்டுச் சுவத்துல மாட்டிட்டேன்.”

அந்தப் பெண்ணிடம் எனக்குக் கோபம் வரவில்லை. நாகஜோதியிடமும் வரவில்லை. கோபம் வராமல் இருப்பது எவ்வளவு பெரிய துன்பம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆப்பை நிறுத்தினாள். ஆனால் ஏற்றியது ஏற்றியதுதான். போன்களில் அது உட்கார்ந்திருந்தது, கடைசியாகச் சொன்ன சிவப்போடு. தோட்டம் தோட்டமாகப் போனாள். சந்தைக்குப் போனாள், டீக்கடைக்குப் போனாள், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஆட்களின் போனைக் கேட்டு வாங்கித் தன் கையாலேயே அழித்தாள். யாரோ ஆட்டு வியாபாரி போனில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, திண்டுக்கல் தாண்டி அய்யலூர்ச் சந்தை வரை பஸ் ஏறிப் போய்வந்தாள். திரும்பி வந்து சுவரைத் தட்டி, “ஒண்ணு கொறஞ்சதுண்ணே,” என்றாள். எந்தெந்தப் போன் இன்னும் ‘கரண்ட் இருக்கா’ என்று கேட்கிறது என்பது அவள் கம்ப்யூட்டருக்குத் தெரியும். இப்போது தோட்டங்களில் மறுபடி குரல் கேட்கிறது. “ஏலே அப்பு, கரண்ட் இருக்கா?” அதைக் கேட்டால் அவள் என் வண்டியை நிறுத்தச் சொல்வாள். பதில் குரல் வந்த பிறகுதான் போகலாம் என்பாள்.

போன வாரம் சாயங்காலம் அவள் கடைக்குப் போனேன். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு வரி வந்தது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று.

“இன்னும் ஒரு போன் கேட்டுக்கிட்டே இருக்குண்ணே. தெனம் இந்த நேரத்துக்கு.”

“யாருன்னு சொல்லு. இப்பவே போய் அழிச்சுட்டு வாரேன்.”

அந்த வரியில் இருந்த நேரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். எனக்கே உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. தமிழ்மதி தினமும் விளக்கேற்றுகிற நேரம் அது. பழனிக்குமாரின் படத்துக்கு முன்னால் அவன் போனை வைத்து, சார்ஜ் போடுகிறாள். அவள் எதையும் தொடுவதில்லை, எதையும் திறப்பதில்லை. சார்ஜ் ஏறினால் ஆப் தானாகவே கேட்கும். நாகஜோதி அப்படித்தான் எழுதியிருந்தாள்.

“அழிக்கச் சொல்லி அவகிட்ட எப்படிண்ணே கேப்பேன்? அதுல அவன் போட்டோ இருக்கு, குரல் இருக்கு. எடுத்துட்டு வான்னு வாய் வரல.”

“அப்ப இது இப்படியே கேட்டுக்கிட்டே இருக்குமா?”

“கேக்கட்டும். பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

என்ன பதில் என்று எட்டிப் பார்த்தேன். அந்த ஒரு போனுக்காக மட்டும் அவள் புதிதாக எழுதியிருந்தாள். வட்டம் பச்சை. எப்போது கேட்டாலும் பச்சை. கீழே ஒரு வரி: கரண்ட் இருக்கு தம்பி, ஏறாத.